ஆஸ்பத்திரிச் சம்பந்தி

ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அத்தையின் சட்டம். எவர்சில்வர் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் தடவிய தேங்காய், மேலே மூட ஒரு வெள்ளைத் துண்டு. தாம்பாளத்தோடு அத்தை முன்னால் நடப்பாள். நோயாளி இருமிக்கொண்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டோ பின்னால் வருவார். பவானிபூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் நர்சிங் ஹோமின் காவல்காரர் இந்த ஊர்வலத்தை முதன்முதலில் பார்த்தபோது, கல்யாண வீடு அடுத்த சந்தில் இருக்கிறது என்று கைகாட்டினாராம். கல்கத்தாவில் தனியார் ஆஸ்பத்திரி எல்லாமே நர்சிங் ஹோம்தான்.

அத்தை எங்களுக்கு ரத்த உறவு இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மனைவி, எங்களைப்போலத் திருநெல்வேலிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்து, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவள் அந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்டிருந்தாள். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அத்தை. அம்மா அவளை மதினி என்பாள். அப்பா தங்கச்சி என்பார். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். கேட்கத் தோன்றியதே இல்லை.

தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அத்தைக்குத்தான் ஆள் போகும். வங்காளம் பேசுவாள் என்பது மட்டும் காரணமில்லை. அவள் பேசிய வங்காளத்தில் நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்பதில் அவளுக்கு ஒரு தத்துவம் இருந்தது.

"ஆஸ்பத்திரியும் சம்பந்தி வீடும் ஒண்ணு பாத்துக்கோ. நம்ம பிள்ளைய அவுக கையில குடுக்கோம். அங்கன போயி சட்டம் பேசுனா பிள்ளைக்குத்தான் கஷ்டம். மருவாதையா நிக்கணும். அதுக்காவ ஒரேயடியா வளைஞ்சும் குடுத்திரக் கூடாது."

இதை அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை. பெரிய டாக்டரை மாப்பிள்ளையின் தகப்பனாரைப்போல நடத்தினாள். நர்ஸ்களை மாப்பிள்ளையின் அக்கா தங்கைகளாகப் பாவித்துப் புடவையை மெச்சினாள். மயக்க மருந்து கொடுப்பவர் எந்த நேரமும் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போய்விடக் கூடிய சித்தப்பா. அவரிடம் மட்டும் இரண்டு தடவை கும்பிடுவாள். எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "கேயேச்சேன்?" சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். நாக்கை நீட்டு என்று சொல்ல வாயெடுத்த டாக்டர், தான் காலையில் லுச்சி என்கிற பூரி தின்றதை ஒப்புவித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் முதல் தடவை காட்டுவது, அவள் கணக்கில், பெண் பார்க்கிற சடங்கு. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்கு விடாத வறட்டு இருமல். அவளை மஞ்சள் பூசிக் குளிக்கவைத்து, பட்டுச் சேலை கட்டி, எங்கிருந்தோ மல்லிகைப்பூ தேடி வைத்து அழைத்துப் போனாள் அத்தை. பரிசோதித்த சின்ன டாக்டருக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. முகம் மஞ்சள், கை மஞ்சள், பாதம் மஞ்சள். அவர் இருமலை மறந்துவிட்டார். மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் ஒன்றுமில்லை. சந்தேகம் தீராமல் மறுபடி வரச் சொன்னார்.

"ரெண்டாந்தரம் கூப்புட்டுட்டாக. பிடிச்சிருக்குன்னுதான் அர்த்தம்" என்றாள் அத்தை. இந்தத் தடவை மஞ்சளை இன்னும் கெட்டியாகக் குழைத்துப் பூசினாள். சின்ன டாக்டர் அரண்டுபோய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். பெரிய டாக்டர் அந்த அம்மாவின் கன்னத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்தார். பஞ்சு மஞ்சளாயிற்று, கன்னம் கறுப்பாயிற்று. அந்தப் பஞ்சைச் சின்ன டாக்டரின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்ததாம். இதற்குள் இருமல் தானாகவே நின்றுவிட்டிருந்தது.

இன்னொரு தடவை, பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்த வயசான பாட்டா ஒருவரை அத்தை சாப்பிடாமல் இருக்கச் சொல்லிவிட்டாள். காரணம், காலையில் சுற்றி வந்த டாக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். "வீட்டுக்கு வந்தவர வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. அந்த வீட்டுல நாம கை நனைக்கலாமா?" சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்தால் சாப்பிடாமல் இருந்து காட்டுவது நம்மூர் வழக்கம். நர்ஸ்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவர்கள் குமட்டல் என்று நினைத்து ஊசி போட்டார்கள். பிறகு குளுக்கோஸ் ஏற்றினார்கள். கையில் ஊசியும் மேலே பாட்டிலுமாகக் கிடந்த பாட்டாவிடம், "பாத்தியளா, அவுகளே ஊட்ட வந்துட்டாக" என்று வெற்றிக் களிப்போடு சொன்னாள் அத்தை. பாட்டாவுக்கு அகோரப் பசி. அவர் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அவளை ஒரு கோமாளி என்றுதான் நான் நினைத்திருந்தேன், அம்மாவுக்கு உடம்புக்கு வரும் வரைக்கும்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் உதிரம் போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தபோது உதடு வெளுத்துக் காகிதமாக இருந்தது. பெரிய டாக்டர் பார்த்தார். அவர் சீமையில் படித்தவர். அதே சமயம் இரண்டு கையிலும் ஜோசியர் சொன்ன கற்கள் பதித்த மோதிரங்கள் போட்டிருப்பார். அதனாலேயே அத்தைக்கு அவர்மேல் தனி நம்பிக்கை. உடனே அறுவை செய்து கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வயிற்றைக் கிழிப்பதற்குச் சரி. எவனோ ஒருவனின் ரத்தத்தை ஏற்றுவதற்குச் சரி. கடைசியில், "உடம்புல தங்கம் ஒண்ணும் இருக்கக் கூடாதாம்மா. தாலியையும் கழத்தணுமாம்" என்றேன்.

"அப்ப வேண்டாம்" என்று செருப்பைத் தேடினாள் அம்மா.

ஆடி மாதம் தாலிக் கயிறு மாற்றும்போதுகூட, புதுக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகுதான் பழையதைக் கழற்றுவாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கழுத்து ஒரு நிமிஷம் வெறுமையாக இருந்ததில்லை. தாலி இறங்கினால் கட்டியவருக்கு ஆகாது. இது அவளுக்கு நம்பிக்கைகூட இல்லை. நெருப்பு சுடும் என்பதுபோல ஒரு தகவல்.

நான் கெஞ்சினேன், கத்தினேன். ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடுகிற கருவி வைத்திருக்கிறார்கள், தங்கம் பட்டால் அந்த இடம் வெந்துபோகும் என்று விளக்கினேன். கழுத்தருகே குழாய் வைக்க இடம் வேண்டும் என்றேன். அம்மா ஒரே கேள்வி கேட்டாள்.

"நான் பொழைக்கணும்னு அவுகள முடிச்சிரச் சொல்லுதியா?"

அப்பா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். டீ குடிக்கலாமா என்பதற்கே அம்மாவின் முகத்தைப் பார்க்கிற மனிதர். "எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அம்மா அவரை அடக்கிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் வெளுத்துக்கொண்டே போனாள். எனக்குத் தூக்கம் போயிற்று. என் அம்மா ஒரு மஞ்சள் கயிற்றுக்காகச் சாகப்போகிறாள் என்று அலுவலகத்தில் யாரிடம் சொல்வது? சொன்னால் வங்காளிப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக வேறு இருந்தது.

அத்தை தாம்பாளத்தோடு வந்தாள். டாக்டரின் மேசையில் வைத்தாள். கேயேச்சேன் ஆயிற்று. பிறகு பேச்சுவார்த்தை தொடங்கியது. நான் நடுவில் ஆங்கிலத்தில் முட்டுக்கொடுத்தேன்.

கழுத்தில் வேண்டாம், கையில் கட்டலாமா என்றாள். தங்கம் எங்கேயும் கூடாது என்றார் டாக்டர். அப்படியானால் தங்கத்தை எடுத்துவிட்டு, கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொள்ளலாமா? டாக்டர் கொஞ்சம் யோசித்தார், காலில் கட்டினால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். "தாலியக் கால்லயா?" என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். இதற்குள் அம்மா குறுக்கிட்டாள். "கிழங்கு கெடக்கட்டும். தங்கம் எங்கன இருக்கும்? பீரோவுலயா? பீரோவுல கெடந்தா அது தாலியா?"

பக்கத்தில் தலைமை நர்ஸ் நின்றிருந்தாள். கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடுகிற சங்கு வளையலும் இரும்பு வளையும் அவள் கையில் இருந்தன. கழற்றுங்கள் என்று சொல்ல வேண்டியவள், கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாலி உசுருள்ள கழுத்துல இருக்கணும். அம்புட்டுத்தான மதினி? அண்ணாச்சி கழுத்துல கெடக்கட்டும். அவுக உசுரு, அவுகளே காவல் இருக்கட்டும்."

அம்மா இதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எங்கேயும் ஓட்டை தென்படவில்லை போலும். "அவுக்க வேண்டியது அவுகதான். கத்திரி போடக் கூடாது" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டாக்டருக்கு நான் மொழிபெயர்த்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயாளியின் கழுத்தைத் தவிர வேறு யார் கழுத்தில் என்ன இருந்தாலும் தனக்குக் கவலையில்லை என்றார்.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. அத்தைக்கு ராகு காலம் ஆகாது. டாக்டர் மெதுவாக, வியாழக்கிழமை மதியம் பார்பேலா, அந்த நேரத்தில் தான் கத்தியைத் தொடுவதில்லை என்றார். அது வங்காளிகளின் கெட்ட நேரம். சீமைப் படிப்பு அந்த இடத்தில் எப்படி ஒதுங்கி நின்றது என்று தெரியவில்லை. இரண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து விட்டுவைத்த ஒரு புதன்கிழமைக் காலையில் அம்மாவைத் தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே நடந்ததுபோல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மஞ்சளும் வேர்வையும் ஏறி இறுகிப்போன முடிச்சை அப்பா நகத்தால் நெம்பினார். வரவில்லை. மயக்க மருந்து டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார். அத்தை இரண்டு தடவை கும்பிட்டாள். கடைசியில் அப்பா குனிந்து பல்லால் இழுத்தார். அவிழ்ந்தது. அடுத்த நொடியே அம்மா வண்டியில் எழுந்து உட்கார்ந்து, அப்பாவின் தலையைப் பிடித்துக் குனியவைத்து, தன் கையாலேயே அவர் கழுத்தில் தாலியைக் கட்டினாள். வராந்தாவில் நின்ற ஆயாக்களுக்கு என்ன புரிந்ததோ, கல்யாண வீட்டில் செய்வதுபோல நாக்கைச் சுழற்றி உலுச் சத்தம் எழுப்பினார்கள். பெண்டாட்டி கையால் தாலி கட்டிக்கொண்ட மனிதர் கூச்சத்தில் நெளிந்துகொண்டு நின்றார். கதவு மூடியது.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். அரைக்கைச் சட்டையின்மேல் பொன்தாலி. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். சட்டைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னேன். "ஒளிச்சு வைக்கதுக்கா குடுத்தா?" என்றார். ஒரு வங்காளி மூதாட்டி அவரைத் தென்னாட்டுச் சாமியார் என்று முடிவுகட்டி, காலைத் தொட்டு, மகனுக்கு வேலை கிடைக்க ஆசி கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், அம்மா இல்லாததால் தானே முடிவெடுத்து, கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். டீ வேண்டாம் என்றார். எழுந்தால் இடம் போய்விடும் என்பவர்போல அப்படியே இருந்தார்.

சொன்ன நேரம் கடந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்தார். அங்கியில் ரத்தம். மோதிரங்கள் இல்லாத விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. எதிர்பார்த்ததைவிட ரத்தம் அதிகமாகப் போகிறது, இன்னும் ஏற்றுகிறோம், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். உள்ளே போய்விட்டார். அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் ஒரு டாக்டரிடம் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். என்னை மீறி அழுதுவிட்டேன்.

அப்பா மட்டும் அழவில்லை. தாலியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"இத்தன வருசமா அவ இதப் போட்டுக்கிட்டு என்னைக் காத்தா. இன்னைக்கு என் மொற. ஒண்ணும் ஆவாது. அழாத."

மத்தியானத்துக்குமேல் ரத்தம் நின்றது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை வார்டில் அம்மா தெளிந்து கண்ணைத் திறந்து கேட்டது, "அவுக இருக்காகளா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றார் அப்பா. ராத்திரி முழுக்கக் கழற்றாத தாலி கழுத்தில் அப்படியே இருந்தது.

புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி அத்தை தயாராக வைத்திருந்தாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். தலைமை நர்ஸ் வந்தாள், ஆயாக்கள் வந்தார்கள். சுற்றி வந்த பெரிய டாக்டரும் வேடிக்கை பார்க்க நின்றார். அம்மா தலையைத் திருப்பி, "மதினி எங்க?" என்றாள்.

"இங்கனதான் நிக்கேன். நீங்க கட்டுங்க அண்ணாச்சி, நல்ல நேரம் போவுது" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அத்தையின் வீட்டுக்காரர் நாங்கள் கல்கத்தாவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். தமிழ்ச் சங்கத்துக் கல்யாணங்களில் இலை போடுவதிலிருந்து எல்லா வேலையும் அத்தைதான். தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் சாமான் அறைக்குள் போய்விடுவாள். போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"மொத முடிச்சு அவுக போடட்டும்" என்றாள் அம்மா. குரலில் சத்தே இல்லை. "மத்த ரெண்டும் நாத்தனார்லா போடணும்? நான் இத்தன நாளும் யார மதினி மதினின்னு கூப்புட்டேன்?"

"சும்மா இருங்க மதினி. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. நான் தொடப்படாது. இப்பந்தான் பொழச்சு வந்திருக்கியளே."

"நீ வரலன்னா அது அவுக கழுத்துலயே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பிடிவாதம் எங்களுக்குத் தெரியும். அப்பா கயிற்றோடு விழித்தார். என்ன தகராறு என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. அவர் போய் வார்டுக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆஷுன் தீதி" என்றார். வாருங்கள் அக்கா.

சம்பந்தி அழைத்துவிட்டார். அத்தையால் அதைத் தட்ட முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புதுப் பெண்போலத் தரையைப் பார்த்தபடி வந்தாள். அப்பா கழுத்துப் பொன் புதுக் கயிற்றுக்கு மாறியது. முதல் முடிச்சை அவர் போட்டார். ஆயாக்கள் உலுச் சத்தம் எழுப்ப, தூக்கத்தில் இருந்த பக்கத்துக் கட்டில் அம்மாள் திடுக்கிட்டு விழித்து, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து தேம்ப ஆரம்பித்தாள். அத்தை கயிற்றைத் தொட்டாள். அவள் போடப் போட முடிச்சு நழுவி நழுவிப் போயிற்று.

அம்மா கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

"பைய போடு மதினி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."